சத்தமில்லாமல் வரும் அறிகுறிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மனச்சிதைவு நோய் பற்றி வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். இந்த நோய்க்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. 35 வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு பக்கம் எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்து, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் கட்டம் கட்டிப் போட்டிருந்த அறிகுறிகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பயப்படுவது, கோர்வையில்லாமல் பேசுவது என்று போட்டிருந்தீர்கள். எல்லாம் சரிதான். எங்கள் வீட்டில் இவையெல்லாம் கடைசியாகத்தான் வந்தன. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அந்த நோய் சத்தம் காட்டாமல் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு 62 வயது. கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களில் தடுப்பூசிப் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். எந்த மாதக் குழந்தைக்கு என்ன ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். குழந்தையின் கண்ணைப் பார்த்தே ரத்தசோகை என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, என் கூடப் பிறந்த தம்பிக்கு வந்திருந்தது நோய் என்று தெரியவில்லை.

தம்பி என்னைவிட 5 வயது சின்னவன். எங்கள் ஊர்ப் பையன்களைப் போல அவனுக்கும் ஹாக்கி என்றால் உயிர். ஐடிஐயில் பிட்டர் படித்து, ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சாயங்காலம் மைதானத்துக்குப் போகாமல் இருக்க மாட்டான். ஷிப்ட் முடிந்து வந்ததும் அம்மா ஊற்றிக் கொடுக்கும் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவான். 1989 ஆடி மாதம் முதல் அந்த மட்டை கதவுக்குப் பின்னால் நின்றது. கூட்டாளிகள் வந்து கூப்பிட்டார்கள். "நாளைக்கு வாரேன்" என்பான். அப்புறம் அவர்கள் கூப்பிட வருவதை நிறுத்திவிட்டார்கள். மட்டையில் நூலாம்படை கட்டியது. நான்தான் வாரம் ஒருமுறை துடைத்து வைப்பேன். துடைத்தேனே ஒழிய, ஏன் இப்படி நிற்கிறது என்று யோசிக்கவில்லை.

குளிக்கப் போனால் தொட்டிப் பக்கத்திலேயே நிற்பான். கையில் மொண்ட தண்ணீர்ச் செம்பு அப்படியே இருக்கும். ஒருநாள் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலையில் அரிசி போட்டேன், கொதித்தது, வடித்தேன். அவன் அதே செம்போடு அதே இடத்தில் நின்றான். செம்பில் இருந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. முக்கால்வாசி வடிந்த பிறகும் அவன் கை அசையவில்லை. "ஏலே, தண்ணி ஊத்துலே" என்று கத்தினேன். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை, வெட்கமில்லை, ஒன்றுமே இல்லை. அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பேச்சு குறைந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சித்தி மகள் கல்யாணத்தில் சிரிக்கவில்லை, ஆச்சி செத்தபோது அழவில்லை. மில்லில் இரண்டு தடவை எச்சரித்துவிட்டு, மூன்றாவது தடவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அப்பா "இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கான்" என்பார். தண்டச்சோறு என்று சொன்னது நான். எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் 20, 22 வயதுப் பிள்ளையைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாச் சோம்பலும் நோய் என்று நான் சொல்லவில்லை. ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை மாதக்கணக்காக ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், கூட்டாளி, விளையாட்டு, குளியல், பேச்சு என்று விட்டுக்கொண்டே வந்தால், அதைச் சோம்பல் என்று முடிவுகட்ட வேண்டாம் என்கிறேன். டாக்டர்கள் இவற்றுக்கு எதிர்மறை அறிகுறிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போவதால் அந்தப் பெயர். உங்கள் கட்டத்தில் இல்லாதது இதுதான்.

1991 நடுவில் சத்தம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பிலிப்ஸ் ரேடியோ இருந்தது. காலையில் திருநெல்வேலி வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் செய்தி வாசிக்கும்போது தம்பி எழுந்து வந்து அதை அணைத்தான். பிறகு பேட்டரியைக் கழற்றினான். அப்புறம் அதை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டான். "நான் நெனைக்கிறதை எல்லாம் அதுல சொல்லுதாங்க. எக்கா, உனக்குக் கேக்கலையா?" என்றான். கேட்கவில்லை என்றேன். என்னையும் சந்தேகமாகப் பார்த்தான்.

அவனுக்குக் கேட்டது இரண்டு குரல்கள் என்று பிற்பாடு சொன்னான். ஒரு ஆண், ஒரு கிழவி. இரண்டு பேரும் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம். "இந்தா சட்டை போடுதான், இந்தா கதவைத் தொறக்கான்" என்று அவன் செய்வதையெல்லாம் ஒருத்தர் சொல்ல, மற்றவர் சிரிப்பாராம். நாள் முழுக்க இது காதுக்குள் ஓடினால் யார்தான் நிம்மதியாகச் சாப்பிட முடியும்? சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிடுவான். அம்மா அதே தட்டிலிருந்து முதல் கவளத்தைத் தான் எடுத்துத் தின்று காட்டிய பிறகுதான் கை வைப்பான். அம்மா ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிச் செய்தாள்.

குரல் கேட்கிறது என்பது பொய்யோ நடிப்போ அல்ல. குரல் கேட்கும் நேரத்தில் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பேச்சுக்கான பகுதி அப்போது உண்மையாகவே வேலை செய்கிறது. தன் மூளைக்குள் உருவாகும் பேச்சைத் தன்னுடையது என்று அடையாளம் காண முடியாமல் போகிறது, அதனால் வெளியிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது என்று சொல்கிறார்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் கேக்கலை, சும்மா இரு" என்று நாங்கள் அவனிடம் எத்தனை தடவை வாதாடினோம்! கேட்கிற ஒருவனிடம் கேட்கவில்லை என்று சாதித்து என்ன பயன்? "எனக்குக் கேக்கலை, ஆனா உனக்குக் கேக்குதுன்னு தெரியுது, பயமா இருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். அது தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

குரல் வந்த பிறகும் நேராக டாக்டரிடம் போகவில்லை. கோடாங்கி வந்தார், உடுக்கை அடித்தார், வேப்பிலையால் அடித்தார், சாம்பிராணிப் புகையில் தம்பிக்கு மூச்சு முட்டியது. செய்வினை என்று தகடு எடுத்துக் காட்டினார். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பெண் பார்க்கவே கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். இப்படியே 8 மாதம் போயிற்று. குரல் தொடங்கியதற்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் காலம் நீள நீள, குணமாவதும் அந்த அளவுக்குக் கடினமாகிறது. இதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்பா அவனை ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடுவதாகத்தான் இருந்தார். மாமா ஒருவர் தடுத்தார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் எரிந்துபோனார்கள். செய்தி கேட்டபோது நான் ஓர் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். தராசை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தம்பி திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. அது அந்த 28 பேருக்கும் 16 வருஷம் பிந்தி வந்த சட்டம்.

1992 பிப்ரவரியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குரலைப் பற்றி, ரேடியோவைப் பற்றி, விஷத்தைப் பற்றி அப்பா ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு முன்னாடி? கூட்டாளிகளோட பழகுறதை எப்ப நிறுத்தினான்? எப்பலேருந்து ஒழுங்காக் குளிக்கலை?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அந்த ஹாக்கி மட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "அப்பவே நோய் ஆரம்பிச்சாச்சும்மா" என்றார்.

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "நான் என்ன தப்புப் பண்ணேன் சார்?" ஒருகாலத்தில் மேல்நாட்டு மனநல மருத்துவர்கள் சிலரே இந்த நோய்க்குத் தாயின் வளர்ப்புதான் காரணம் என்று நம்பினார்கள். 1948இல் அதற்கென்று ஒரு பெயரே வைத்தார்கள். அது தவறு என்று பிறகு கைவிடப்பட்டது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் கைவிடவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்று ஒரு கட்சி, திட்டித் திட்டி மூளையைக் கலக்கினாள் என்று இன்னொரு கட்சி. டாக்டர் அம்மாவிடம், "இது வளர்ப்பால வர்றதில்லை. சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி, மூளையில" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால் காரணம்தான் என்ன? ஒன்று என்று சுட்டிக் காட்ட முடியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் அது 100இல் 9, 10 என்று ஆகிறது. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இதைச் சொல்லித்தான் மிரட்டினார்கள். ஆனால் அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வருவது பாதிக்குப் பாதிதான், அல்லது அதற்கும் குறைவு. ஆகவே மரபணு மட்டும் காரணம் இல்லை. வயிற்றில் இருக்கும்போது பட்ட பாடும் சேர்கிறது. 1944, 45இல் ஜெர்மன் படைகள் உணவை மறித்ததால் ஹாலந்தில் கொடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவான குழந்தைகளுக்கு வளர்ந்த பிறகு இந்த நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, கர்ப்பிணிகள் சத்து மாத்திரையை வீட்டு மாடத்தில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் நான் கொஞ்சம் அதிகமாகவே கண்டிப்பேன். பிரசவ நேரத்துச் சிக்கல், சின்ன வயதில் பட்ட கொடுமை, இளவயதில் கஞ்சா இவையும் உண்டு. கஞ்சா பற்றித் தயவுசெய்து பெரிய எழுத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அதைத் தொடும் பையன்களை இப்போது பார்க்கிறேன். ஆபத்து அந்த வயதில்தான் அதிகம்.

டோபமைன் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்தது. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இது முக்கியம், கவனி என்று மூளை ஒன்றின்மேல் குறி போடுவதற்கு அந்த ரசாயனம் உதவுகிறது. அது நிலைதவறினால், ரேடியோச் செய்தி, எதிர்வீட்டு ஜன்னல், தெருவில் ஒருவர் இருமுவது என்று கண்டதன்மேல் எல்லாம் குறி விழுகிறது. எல்லாமே தன்னைப் பற்றியது என்று ஆகிவிடுகிறது. மாத்திரை அதைக் கட்டுப்படுத்துகிறது. 1952இல் பிரான்சில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்ததில் தொடங்கியது இந்த வழி. தம்பிக்கும் முதலில் அதைத்தான் கொடுத்தார்கள்.

ஆறு வாரத்தில் குரல்கள் மெல்லத் தேய்ந்தன. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் செம்பு கையோடு நிற்பது போகவில்லை. இந்த மாத்திரைகள் குரலை அடக்கும் அளவுக்கு அந்த வெறுமையை மாற்றுவதில்லை என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. கை நடுங்கியது, வாயில் எச்சில் வடிந்தது, நடை விறைத்தது. அது மருந்தின் பக்கவிளைவு. டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், நடுக்கத்துக்கு வேறு மாத்திரை சேர்ப்பார். நாங்கள் சொல்லவில்லை. "குரல்தான் போயிட்டே, இனி மாத்திரை எதுக்கு? இதுதான் இவனை மந்தமாக்குது" என்று 1994இல் நாங்களே நிறுத்திவிட்டோம். "இப்பதான் நல்லா ஆயிட்டியே, வேலைக்குப் போனா என்ன?" என்று தினமும் குத்திக்காட்டினோம். நாலாவது மாதம் ராத்திரி 2 மணிக்குத் தம்பியைத் தண்டவாளத்துப் பக்கத்திலிருந்து கூட்டிவந்தோம்.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர் 1950களில் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வெளியே போனவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, தனி அறை எடுத்துத் தங்கியவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்ததில், ஓயாமல் குறை சொல்வதும் வெறுப்பைக் காட்டுவதும் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பதும் நோயைத் திரும்பக் கூட்டிவருகின்றன என்று தெரிந்தது. இதே அளவுகோலோடு 1980களில் சண்டிகரில் பார்த்தபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் இந்தக் குத்திக்காட்டல் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தது. அதைப் படித்து நான் பெருமைப்பட முடியவில்லை. எங்கள் வீடு அந்தக் கணக்கில் சேராது. நோய் வரக் காரணம் நாங்கள் இல்லை, சரி. அது திரும்பி வர வழி விட்டது நாங்கள்தான். வெறுமையை நோய் என்று அறிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டோம். இந்தக் கடிதத்தை நான் எழுதக் காரணமே இதுதான்.

அதற்கப்புறம் நாங்கள் மாறினோம். அப்பாவுக்கு நாள் பிடித்தது, அம்மா சீக்கிரம் மாறினாள். "போய்க் குளி" என்று சொல்வதை விட்டுவிட்டு, தொட்டிப் பக்கம் போய் நின்று "முதல்ல கால்ல ஊத்து" என்று சொல்வாள். அவன் ஊற்றுவான். அப்புறம் "தோள்ல". ஒரு வேலையைத் துண்டு துண்டாக்கிக் கொடுத்தால் அவனால் முடிந்தது. இப்போது சொந்தக்காரர் ஒருவரின் கடலைமிட்டாய்க் கடையில் காலை 10 முதல் 1 வரை பாக்கெட் போடுகிறான். மாதம் ஒருமுறை போய் மாத்திரை வாங்கி வருகிறான், தனியாக. மாத்திரையால் உடம்பு 58 கிலோவிலிருந்து 81க்குப் போயிற்று. அதனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். இந்த நோயாளிகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் சாவது பெரும்பாலும் இதய நோய் மாதிரி உடம்பு நோய்களால்தான். அதையும் யாரும் எழுதுவதில்லை.

குணமாகாத நோய் என்று உங்கள் கட்டுரை முடிந்திருந்தது. அந்த வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் இந்த நோய்க்காகவே தொடங்கிய ஸ்கார்ப் அமைப்பை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அங்கே மருத்துவர் தாராவும் மற்றவர்களும், நோய் புதிதாக வந்த 90 பேரைப் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 10 வருஷம் கழித்துப் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். கல்யாணம், வேலை, குடும்பம் என்று இருந்தவர்கள் அதில் உண்டு.

பெயரைப் பற்றியும் ஒன்று. சிதைவு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. சிதைந்தது என்றால் திரும்பச் சேராது என்றுதானே காதில் விழுகிறது? ஜப்பானில் குடும்பத்தினர் சங்கமே கேட்டுக்கொண்டு, 2002இல் மனம் பிளந்த நோய் என்ற பழைய பெயரை மாற்றிவிட்டார்கள். நம் தமிழறிஞர்களும் மருத்துவர்களும் உட்கார்ந்து ஒரு சொல் தர முடியாதா? அதுவரைக்கும், ஏதோ ஒரு ஊரில் ஒரு கொலை நடந்தால் "மனநோயாளி வெறிச்செயல்" என்று தலைப்புப் போடுவதையாவது நிறுத்துங்கள். இவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம். அந்தத் தலைப்பு வரும் நாளில் கடலைமிட்டாய்க் கடையில் வாடிக்கையாளர்கள் தம்பியைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கிறது.

அடுத்தமுறை கட்டம் கட்டும்போது முதல் வரியாக இதைப் போடுங்கள்: நன்றாக இருந்த பிள்ளை மாதக்கணக்கில் ஒதுங்கி, பேச்சைக் குறைத்து, குளிப்பதையும் பிடித்ததையும் விட்டுவிட்டால், திட்டாதீர்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். டெலிமானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி 14416 எண்ணில் ராத்திரி பகலாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் வந்தது. அந்த எண்ணை நம் ஊர் டீக்கடைச் சுவரில் நானே கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.

தபாலில் சேர்ப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது அல்லவா? முழுக்கக் கேட்டான். "அனுப்பு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களைக்கு வந்து, "எக்கா, மட்டையைப் பத்தி எழுதியிருக்கியே, நீ துடைச்சு வைக்கிறதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோவில்பட்டி.

(தம்பிக்காக என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)